மைனஸ் 1472

லீபாயாத் துறைமுகத்தில்
தானியக் கப்பலுக்கு எடை போடும் நிரல் என்னுடையது.
பெர்லில் எழுதி ஒன்பது வருடமாகிறது.
கப்பல் வந்து கட்டினால் நிரல் இரண்டாகக் கிளைக்கும்.
தாய் அடுத்த கப்பலுக்காக வாசலில் நிற்க,
பிள்ளை கோதுமை எண்ணப் போகும்.
பிறந்த கணமே அது தனி ஆள்:
தனி நினைவகம், தனி எண், தனிச் சாவு.

இந்தக் குளிர்காலத்தில் பழைய யூனிக்ஸ் பெட்டியைத் தூக்கிவிட்டு
விண்டோஸ் வைத்தார்கள். மலிவு என்றார் மேலாளர் வில்னிஸ்.
நிரல் ஒரு சத்தமும் போடாமல் ஓடியது.
அதுதான் எனக்குச் சந்தேகம்.
பிள்ளையின் எண்ணை அச்சிட்டுப் பார்த்தேன்:
மைனஸ் 1472.

கையேட்டைத் திறந்தேன்.
இங்கே கிளைத்தல் கிடையாதாம்.
கிளைத்தது போல ஒரு பாவனை,
ஒரே உடம்புக்குள் இன்னொரு இழை.
பிள்ளை தன் அடைவை மாற்றிக்கொள்ளும்,
ஊர் மாறிவிட்டதாக நம்பும்.
வெளியிலிருந்து எண்ணுகிறவனுக்கு
அங்கே இருப்பது ஒருவர்தான்.

வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்தது.
மார்ச்சிலிருந்து நான் இதைத்தானே வாழ்கிறேன்.

நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்ட அன்று
நானும் நொர்முண்ட்ஸும் ஒரே டிராமில்தான் திரும்பினோம்.
வீட்டுக்கு விலை படியவில்லை.
ஐந்தாம் மாடி, இரண்டு அறை.
இருந்ததையெல்லாம் இரட்டித்தோம்:
இரண்டு உப்புக் குப்பி, இரண்டு கெட்டில்,
ஆறு முட்கரண்டியில் ஆளுக்கு மூன்று.
அவன் தன் கடிகாரத்தைக் கோடைக்கு மாற்றவே இல்லை;
சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு மாதம் ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது.
மின்சாரம் போனால் மட்டும்
இரண்டு நாடும் ஒன்றாக இருட்டும்.

கோப்புகளைப் பற்றிய பத்தியை இரண்டு தடவை படித்தேன்.
திறந்திருக்கும் கோப்பில் இருவருக்கும் தனித்தனிப் பிடி உண்டு,
ஆனால் வாசித்து நிறுத்திய இடம் ஒன்றே.
ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர்ந்தாக வேண்டும்.
குளியலறை ஜன்னலில் ஒரு துப்பறியும் நாவல் கிடக்கிறது.
அடையாளத்துக்கு ஒற்றைத் தீக்குச்சி.
88ஆம் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன்,
மறுநாள் 121இல் இருந்தது.
செத்தவனை எனக்குத் தெரியும்.
அவன் எப்போது செத்தான் என்பது தெரியாது.

கொல்லலாம் என்கிறது கையேடு.
கொல்லாதிருப்பது நல்லது என்றும் சொல்கிறது:
பாதியில் முடிக்கப்பட்டது
பிடித்து வைத்திருந்த எதையும் திருப்பித் தராது.
ஏப்ரலில் ஓர் இரவு அவன் சாமானைப் படிக்கட்டில் வைத்துப் பூட்டினேன்.
காலையில் தேடிய என் மூக்குக்கண்ணாடி
அந்தப் பைக்குள்தான் இருந்தது.

வேறொன்றாக மாறு என்று பிள்ளையிடம் சொன்னாலும்
அது மாறுவதில்லை.
வெளியே இன்னொருவரை வேலைக்கு அனுப்பி,
முடியும்வரை காத்திருந்து,
அவர் கொண்டுவந்த விடையைத் தன் விடையாகச் சொல்லிவிட்டு ஓயும்.
நொர்முண்ட்ஸ் டப்ளினுக்குப் போகிறேன் என்றான்.
போனது அவன் தம்பி.
அங்கே பெய்யும் மழையைப் பற்றி
இவன் என் சமையலறையில் நின்று அலுத்துக்கொள்கிறான்.

எங்களில் யார் தாய்,
யாருடைய எண்ணுக்கு முன்னால் அந்தச் சின்னக் கோடு,
வக்கீலைக் கேட்டிருக்க வேண்டும்.

விடியற்காலை நாலு பத்து.
துறையில் ஒரே கப்பல், வயிறு பாதி நிரம்பி.
கிளைப்பதை நீக்கிவிட்டு வரிசையில் ஒவ்வொன்றாக எடைபோட
நாற்பது வரி எழுதி வைத்துவிட்டேன்.
அதை ஏற்ற வேண்டுமானால் ஓடுவது நிற்க வேண்டும்.
தாயிடம் வெளியேறச் சொன்னேன்.
சரி என்றது. போகவில்லை.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது:
யாரும் சொல்லாமலே அது பிள்ளைக்காகக் காத்திருக்கும்.

கைபேசி அதிர்ந்தது. நொர்முண்ட்ஸ்.
"புத்தகம் முடிந்தது. யாரென்று சொல்லவா?"

மைனஸ் 1472 இன்னும் கோதுமை எண்ணுகிறது.
கோட்டை மாட்டிப் பொத்தானும் போட்டுக்கொண்டு
நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.