உள்ளது உள்ளபடி

எலுமிச்சை மணத்தோடு ஒரு குட்டிப் போத்தல்
முன் கண்ணாடியில் தொங்கியது.
நந்திக்கடல் ஓரம் வளர்ந்தவள் நான்.
தண்ணீருக்குள் கிடந்த வாகனம் எப்படி மணக்குமென்று
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒரு டொக்டர் அம்மா ஓடினது, தங்கச்சி.
ஆசுப்பத்திரியும் கோயிலும் தவிர
ஒரு இடமும் போகேல்லை."
வவுனியா, கண்டி வீதி,
கலர்க் கொடிகள் கட்டிய முற்றம்.
நிமலகாந்தன் பால் தேத்தண்ணி தந்தார்.
சிங்களத்தில் ஒரு தாளும் தந்தார்.
நாலு இடத்தில் கையெழுத்து வைத்தேன்.
வடிவான கையெழுத்து;
கேக்கில் பெயர் எழுதிப் பழகிய கை.

இருபதாம் நாள், மாங்குளம் சந்தி.
பின் சீட்டில் மூன்று தட்டுக் கலியாணக் கேக்.
வெயிலில் ஐசிங் இளகி
உச்சியில் நின்ற பொம்பிளையும் மாப்பிளையும்
மெல்லச் சரிந்து
ஒருவர்மேல் ஒருவர் விழும்வரை
சாவியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.
கலியாண வீட்டார் சொன்னவை
இந்த முறைப்பாட்டுக்குத் தேவையில்லை.

கராஜில் அருட்பிரகாசம் வாய் திறக்கவில்லை.
பொனட்டையும் திறக்கவில்லை.
சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான்,
ஒருவரும் இழுத்துப் பார்க்காத தூரத்துக்கு.
அடியில் நாலு விரல் அகலத்துக்குக்
காய்ந்த சேறு.
"எங்கட மண் இல்லை அக்கா இது."

எந்த ஆறோ.
எவருடைய வாசலில் எத்தனை இரவு
கழுத்தளவு தண்ணீரில் நின்றதோ.
ஒரு நிமிடம் காருக்காக இரங்கினேன்.
பிறகு லீசிங் தவணை ஞாபகம் வந்தது.

சட்டத்தரணி சத்தியசீலி தாளை வாசித்தா:
"'உள்ளது உள்ளபடி' வாங்கினதா
ஒப்பம் வைச்சிருக்கிறியள்."
உள்ளதை அவர் காட்டவே இல்லையே?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.
"மறைச்சதும் உள்ளதுக்குள்ள அடங்குமோ எண்டு
கோட்டில கேப்பம்.
முதல்ல இணக்கசபை."

சனிக்கிழமை. பள்ளிக்கூடம்.
ஐந்தாம் வகுப்பு மேசை முழங்காலில் இடிக்கிறது.
கரும்பலகையில் அழிக்காத பின்னக் கணக்கு,
மூன்றில் இரண்டு சக
யாரோ ஒரு பிள்ளையின் பிழையான விடை.
முதல் தவணை நிமலகாந்தன் வரவில்லை.
இரண்டாவதுக்குக் காய்ச்சல்.
மூன்றாவதுக்கு வந்தார்,
மடிப்புக் கலையாத சேட்டோடு.
"மிசின் தானே ஐயா,
மனுசனே திடீரெண்டு படுக்கிறான்.
வேணுமெண்டால் ஒரு பற்றறி மாத்தித் தாறன்."

படமெடுத்துக் கழற்றி வைத்திருந்த பெல்ட்டை
அரைக்கிலோ கேக் பெட்டியில் கொண்டுபோயிருந்தேன்.
மூடியைத் திறந்தேன்.
சபையின் மூன்று தலைகளும் குனிந்தன.
நடுவில் இருந்த பேரின்பநாயகி அம்மா
சேற்றைத் தொட்டுவிட்டு
விரலைச் சேலையில் துடைக்காமல்
நெடுநேரம் அப்படியே வைத்திருந்தா.

அவர் பற்றறியிலேயே நின்றார்.
நான் காசிலேயே நின்றேன்.

'இணக்கம் ஏற்படவில்லை'
என்றொரு சான்றிதழ் தந்தார்கள்.
தமிழில்.
மூன்று ஒப்பம், ஒரு முத்திரை.
இந்தக் காரைப் பற்றி
என் கைக்கு வந்த முதல் உண்மையான தாள்.
இரண்டு தரம் வாசித்தேன்.

இப்போது அது வேலியோரம் நிற்கிறது.
தவணை மட்டும் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை வழக்குப் போட
வவுனியாவுக்குப் போகிறேன், பஸ்ஸில்.
மடியில் இரண்டு பெட்டி.
ஒன்றில் நெளுக்குளத்துப் பிள்ளையின்
முதலாம் பிறந்தநாள்,
மற்றதில் சேறு.
ஒட்டுசுட்டான் தாண்டிப் பள்ளம் வரும்.
கொண்டக்டர் கேட்டால் சொல்வேன்:
இரண்டும் சரியக்கூடாது, தம்பி.