வால் நீளம்

சாலை வருமுன் எலிகளை எண்ண வேண்டுமாம்,
சட்டம் அப்படி.
மிர்பாத்திலிருந்து சம்ஹான் மலையடிவரை
கான்ட்ராக்டர் என்னையும் பிக்கப்பையும்
பத்து நாள் கடனாகக் கொடுத்தார்
டாக்டர் துஃபூலுக்கு.

அறுபது அலுமினியப் பெட்டி.
கடலை வெண்ணெயில் ஓட்ஸ் பிசைந்து
கோலிக்குண்டு அளவில் உருட்டி வைப்பது என் வேலை.
அந்தியில் வைத்து விடியுமுன் எடுக்க வேண்டும்.
வெயில் ஏறினால் பெட்டி அடுப்பு.

முதல் விடியலில் நாற்பத்தொன்பது காலி.
மூன்றில் எறும்பு.
ஒன்றில் பல்லி, என்னையே குற்றம் சாட்டும் கண்ணோடு.
மீதி ஏழில் கனம் இருந்தது.
கனம் என்றால் நாற்பது கிராம்.
தூக்கும் கைக்குத் தெரிந்துவிடும்.

மணலில் விழுந்தது வெள்ளெலி:
உள்ளங்காலில் மயிர், வால்நுனியில் குஞ்சம்.
பாறையில் விழுந்தது வேற சாதி
என்று வாய்க்கு வந்ததை
வேறு இனம் என்று திருத்திக்கொண்டேன்.
முதுகெல்லாம் முள்.

உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர், கேட்டார்.
முள்ளெலி என்று சொல்லியிருப்பேன்.
அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று குடியிருக்கிறது,
தேரிக்காட்டில், பந்தாய்ச் சுருண்டு,
எலியாக இல்லாமலே.
மூஞ்சூறும் அப்படித்தான்;
பிள்ளையாரே சிபாரிசு செய்தாலும்
டாக்டர் பட்டியலில் சேர்க்க மாட்டார்.
பெயர் எதுவும் காலியாக இல்லை என்றேன்.
சிரித்துவிட்டு லத்தீனில் எழுதிக்கொண்டார்.

எடை. உடல். காது. பின்னங்கால். வால்.
வால்தான் முக்கியம்.
உடலைவிட நீளமா, குட்டையா,
பாதி வழக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

நான்காம் நாள், பாறையோரம், முப்பத்தேழாம் பெட்டி.
துணிப்பையிலிருந்து எடுக்கையில்
என் பிடி வாலில் விழுந்தது.
உறை கழல்வதுபோல் கழன்றது.
அது கத்தவில்லை.
எலி கல்லிடுக்கில்,
தோல் என் விரலிடுக்கில்,
ஈரமாய், இன்னும் வெதுவெதுப்பாய்.

இவை இப்படித்தான் என்றார் டாக்டர்.
பிடித்தவனிடம் பிடித்ததை விட்டுவிடும்.
முதுகு கிழிந்தால்கூட
முள்ளோடு முளைக்கவைத்துக்கொள்ளும்.
வால் மட்டும் திரும்பாது.
வால் நீளம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தார்.

கேம்ப்பில் எங்கள் ஆறாம் அறையில்
கீழ்க்கட்டில் ஒன்று பதினெட்டு மாதமாய்க் காலி.
சிலுவைதாசன், ஷட்டரிங் வேலை.
ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம் பார்த்து
வேலி தாண்டினான்.
கல்லிவல்லி ஆகிவிட்டான் என்று முடித்துக்கொண்டார்கள்.
பாஸ்போர்ட் அர்பாபின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.
அதில் அவன் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கணக்குக்காக
கேம்ப் சமையலறையிலும் நாலு பெட்டி வைத்தோம்.
நாலும் நிறைந்திருந்தன.
வீட்டுச் சுண்டெலி.
அரிசி மூட்டையோடு கப்பலில் வந்தது,
எந்த நூற்றாண்டு என்று தெரியாது என்றார்.
பூர்வீகம் என்ற கட்டத்தில் அரபியில் ஒரு சொல் எழுதி
எனக்கு அர்த்தம் சொல்லத் தயங்கினார்.
வாஃபித்.
தெரியும் டாக்டர்.
ஆஸ்பத்திரியில் எங்கள் வரிசைக்கு மேலே
பெரிதாக எழுதியிருக்குமே.

வரைபடத்தில் மணலுக்கு மஞ்சள் புள்ளி,
பாறைக்குக் கருப்பு, சமையலறைக்குச் சிவப்பு.
வரப்போகிற சாலை எல்லாவற்றின் மேலும்
ஒரு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் போனது.

கடைசி விடியல். பனிப்புகை.
முப்பத்தேழாம் பெட்டியில்
கதவு விழவில்லை.
உருண்டை இல்லை.
வாசல் தூசியில் கால் தடம் இருந்தது,
நடுவில் வால் இழுத்த கோடு இல்லை.

டாக்டர் ஜீப்பிலிருந்து கேட்டார், என்ன எழுத?

காலி என்றேன்.