பதினொன்று நாற்பது வண்டி

தள்ளுபடியில் வாங்கியது.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கொருனா.
இரண்டு கிலோ உருளைக்கிழங்கோடு
ஒரே தள்ளுவண்டியில் வீடு வந்தது.
சுண்டினால் டொக்கென்னும்,
காலித் தயிர் டப்பாவின் குரலில்.

ப்ர்னோவில் நாங்கள் ட்ராமை ஷலினா என்போம்.
நான் ஷலினா ஓட்டுகிறவள்.
பகலெல்லாம் நான்காம் எண்.
இரவில் அதே நான்காம் எண்
வேறு யாரோ ஓட்ட
என் ஜன்னலுக்குக் கீழே போகிறது.
தண்டவாளம் தரையிடம் சொல்லும்,
தரை சுவரிடம்,
சுவர் மேஜையிடம்,
மேஜைக்கு வாய் நிற்காது, ஊசியிடம் சொல்லிவிடும்.
செல்லோக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில்
முப்பது டன் இரும்பு வந்து உட்காரும்.

வண்டியை நிறுத்த முடியாது, அது என் சம்பளம்.
ஆகவே இதைத்தான் திருத்த வேண்டும்.

முதலில் ஃபெல்ட் விரிப்பைத் தூக்கி எறிந்தேன்.
இசைத்தட்டை எடுத்தால் அதுவும் ஒட்டிக்கொண்டு எழும்,
பிறகு நடுவழியில் கைவிடும்.
பதிலுக்குக் கார்க்.
மகள் ரொசாலியே தன் விளையாட்டுக் களிமண்ணை
குச்சிக்கு ஐந்து கொருனா என்று விற்றாள்.
சுழலும் தட்டின் அடிவயிற்றில்
சிவப்பும் பச்சையுமாக அப்பினேன்.
சுண்டினேன்.
டொக் இல்லை.
‘ம்’ என்றது.
அந்த ‘ம்’முக்காக ஒரு பியர் திறந்தேன்.

ஊசி தாங்கும் குழாய்க்குள் பஞ்சு.
பணிமனை மின்பிரிவிலிருந்து ஓட்டாகர்
பற்றவைக்கும் கோலை இரவல் தந்தான்.
“தலைக்கு மேல் அறுநூறு வோல்ட்டோடு திரிகிறவள்
மயிரிழைக் கம்பிக்கு நடுங்குகிறாயே.”
நடுங்கினேன்தான்.
உள்ளிருந்த மட்டமான பெருக்கியைச் சுற்றிக்கொண்டு போக
நான்கே கம்பிகள்.
நீலம் சரியாகப் பற்றாமல்
ஒரு வாரம் ஒற்றைக் காதால் கேட்டேன்.

ஊசியின் அழுத்தம் நகைத் தராசில்
ஒன்று புள்ளி எட்டு கிராம்.
அதைத் தொட மூன்று இரவுகள்.
பக்கத்தில் மூச்சு விட்டால் இரண்டு காட்டும்.

எல்லாம் தெளிந்தது, உறுமலைத் தவிர.
இரண்டு ஸ்குவாஷ் பந்துகளை
ரொட்டிக் கத்தியால் பிளந்து நான்கு பாதங்கள் செய்தேன்.
அவற்றின்மேல் ஒரு நடைபாதைக் கல்.
எங்கிருந்து என்று கேட்காதீர்கள்,
நிறுத்தத்தில் பழுதுவேலை நடந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை. பதினொன்று முப்பத்தெட்டு.
ஊசியை இறக்கினேன்.
காரணமில்லாமல் விளக்கையும் அணைத்தேன்.
பதினொன்று நாற்பது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
கிண்ணத்தில் கரண்டி அதிர்ந்தது.
வண்டி போயிற்று.
செல்லோ அசையவில்லை.

மேல்வீட்டு ஹெட்விகாவை எழுப்பிச் சொல்லலாமா
என்றுகூடத் தோன்றியது.

அப்போது
மூச்சு வாங்கும் அதே இடத்தில்
வெகு அடியிலிருந்து
ஓர் உறுமல்.

பதினொன்று நாற்பத்தாறு.
இந்நேரத்தில் வண்டி கிடையாது,
அட்டவணை எனக்கு மனப்பாடம்.
எட்டிப் பார்த்தேன். மழையில் வெறும் தெரு.
ஊசியைத் தூக்கினேன், நின்றது.
வைத்தேன், வந்தது.
வளைவில் சக்கரத்தின் மெல்லிய கீச்சு,
பிறகு தண்டவாள இணைப்பில்
டடக், டடக்.

அட்டையைத் திருப்பினேன்.
ப்ராக், அறுபத்து மூன்று, மார்ச்.
வாசித்தவர் பெயர், ஒலிப்பதிவாளர் பெயர்,
அட்டையை வரைந்தவர் பெயர்கூட.
வேறு பெயர் இல்லை.

இரண்டு பெட்டி வண்டி.
வளைவுக்கு வேகம் கொஞ்சம் அதிகம்.
தாமதமாகியிருக்கும் அவருக்கு, அல்லது அவளுக்கு.
கடைசி நிறுத்தத்தில்
கழிப்பறைக்கு நான்கு நிமிடம்தான் தருவார்கள்.
அன்றைக்கு எவ்வளவு தந்தார்களோ.

பக்கம் முடியும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
இன்னொரு தடவை அது போகவில்லை.

காலையில் பற்றவைக்கும் கோலைத் திருப்பிக் கொடுத்தேன்.
“உறுமல் போச்சா?” என்றான் ஓட்டாகர்.
ஒன்று போச்சு என்றேன்.