மறுகா எப்ப வருவா?

பதினாலு பேர், ஒரே படத்தில்.
சாய்ந்தமருதில் மடிக்கணினிக்கு முன்னால் நாலு பேர்,
ஒரு தட்டு மரவள்ளிப் பொரியல்.

பறக்கிறவனை இன்ஷாப் எடுத்துக்கொண்டான்.
இடி எறிகிறவளை ஷிம்றா
பெயர் போடும்போதே பிடித்துவிட்டாள்.
மிஞ்சியது பச்சைக் கையுறைக்காரி,
அவள் ஹஸ்னாவுக்கு.

பாலம் இடிகிறபோது வந்தாள்.
ஒரு பஸ்ஸைத் தாங்கினாள்.
"நான் பார்த்துக்கொள்கிறேன், போங்கள்" என்றாள்.
போனார்கள் எல்லோரும்,
கெமராவும்.

"மறுகா எப்ப வருவா?"

பறக்கிறவனுக்கு வாப்பாவோடு சண்டை,
இடிக்காரிக்குக் காதல்,
வில்லனுக்கே ஒரு சின்ன வயசு இருந்தது,
அதில் ஒரு நாய்க்குட்டியும்.

"மறுகா எப்ப உம்மா?"

நகரம் தப்பியது.
மொட்டைமாடியில் வரிசையாக நின்றார்கள்.
எண்ணிப் பார்த்தேன்: பதின்மூன்று.

படம் எடுத்தவனுக்கு மறதி என்றான் இன்ஷாப்.
இத்தனை பேருக்கு நேரம் எங்கே என்றாள் ஷிம்றா,
கடைசித் துண்டை மென்றபடி.

"அவ இன்னும் பஸ்ஸப் பிடிச்சிட்டு நிக்கிறா"
என்றாள் சின்னவள்.
"ஆரும் போய்ச் சொல்லல்ல, முடிஞ்சிட்டெண்டு."

பதினொரு மணிக்குத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தேன்.
ஒரு கை
மேலேயே இருந்தது.