கோணல் கூடம்

செவ்வாய், வியாழன், இரவு ஒன்பதரைக்கு மேல்
சமையலறை மேடையில் இரண்டு சுழல்தட்டு, நடுவே மிக்சர்.
ரொட்டிப் பலகை குளிர்பெட்டியின் தலைக்கு ஏறிவிட்டது.
ஒன்பது வருடமாக இப்படித்தான்.

கீழ்வீட்டு ஒட்மார் நாலரைக்கு எழுந்து பேருந்து ஓட்டுகிறவர்.
ஆகவே பாஸ் முழுவதும் என் ஹெட்போனுக்குள்.
வெளியே கேட்பது ஊசியின் கீச்சும்
என் செருப்பு தரையில் போடும் நாலு நாலும்.
ஜன்னலுக்கு அப்பால் பெர்கன் மழை
தனக்கென்று ஒரு வேகம் வைத்திருக்கிறது,
அதோடு எதையும் பொருத்த முடிந்ததில்லை.

துணி துவைக்கும் இயந்திரத்தோடு முடிந்திருக்கிறது.
கடைசிக் கட்டத்தில் அது நிமிடத்துக்கு நூற்றிருபத்துமூன்று துடிக்கும்.
ஒருமுறை அதன்மேல் ஒரு பழைய டெட்ராய்ட் தட்டை ஏற்றி
நாலு நிமிடம் நழுவாமல் பிடித்திருந்தேன்.
யாருக்கும் தெரியாது.
உள்ளே கிடந்த துண்டுகளுக்குத் தெரியும்.

பிசகினால் ஊசியைத் தூக்கிவிடலாம்:
வீட்டுக்கு இது ஒன்றுதான் சட்டம்.
தூக்கு, காப்பி ஒரு வாய், திரும்ப வை.

ஹல்டிஸ்தான் சொல்லி வைத்தாள்.
துறைமுகத்துக்குப் பின்னால் மரவீட்டு மதுக்கடை,
வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு,
அறுநூறு க்ரோனர், இரண்டு பியர்.
பகலில் நான் கண் பரிசோதிக்கிறவள்,
இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டே பழகியவள்.
என்னையே கேட்டுப் பார்த்தேன்.
இரண்டு கண்ணாடியும் ஒரே மங்கல்.
சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
அந்தக் கூடம் உண்மையிலேயே கோணல்.
பழைய மரம், கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது.
மேடையில் வைத்த எலுமிச்சம்பழம்
தானாக உருண்டு என்னிடம் வந்தது.
இடது தட்டின் கீழே பியர் அட்டை ஏழு செருகினோம்.
எட்டாவது வைத்ததும்
வலது பக்கம் முறைத்துக்கொண்டது.

பதினான்கு பேர். எண்ணினேன்.
முதுகு பதினொன்று, முகம் மூன்று.
ஸ்பீக்கர் கழிப்பறைக் கதவைப் பார்த்திருந்தது.
நான் போட்ட சத்தம் அங்கே முட்டித் திரும்பி
ஒரு சொட்டு தாமதமாக வந்தது.
இரண்டு மணி நேரமும் நான்
என்னைவிடக் கொஞ்சம் பிந்தியே இருந்தேன்.

மூன்றாவது கலப்பில்
தாளம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.
கை தன்னால் ஊசிக்குப் போயிற்று.
தூக்கினால் மௌனம்.
இங்கே மௌனம் பதினான்கு பேருக்குச் சொந்தம்.
தூக்கவில்லை.
அரை நிமிடம்
வெண்கலக் கடையில் யானை.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

பதினொன்றே முக்காலுக்கு
சமையலறையில் ஒருநாளும் அமையாதது அமைந்தது.
ஒரு தட்டின் கைத்தட்டல் எங்கே முடிந்தது,
மற்றது எங்கே தொடங்கியது,
செய்த எனக்கே புரியவில்லை.
அதற்கும் யாரும் திரும்பவில்லை.
ஒருவர் வந்து, பொரித்த உருளைக்கிழங்கு இருக்கிறதா என்றார்.

காலிக் கிளாஸ் பொறுக்க வந்த பையன் மட்டும்,
சட்டையில் எஸ்கில் என்று எழுதியிருந்தது,
கையில் கோபுரமாகப் பன்னிரண்டோடு
அந்த இடத்தில் நின்றான்.
கிளாஸ்கள் பாஸுக்குக் கிணுகிணுத்தன.
தலையை ஆட்டினானா,
கோபுரத்தைச் சமன் செய்தானா,
இன்றுவரை தெரியாது.

தட்டுப் பெட்டிகளோடு டாக்சி: ஐந்நூற்று நாற்பது.

ஞாயிறு. அதே இரண்டு தட்டு, அதே இடம்.
பொருந்தியது, சுத்தமாக.
மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் சுத்தமாக.
அலமாரி திறந்து நாலு கிளாஸ் எடுத்து
ஸ்பீக்கர்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
ஒன்பது வருடம் பூஜ்ஜியத்தில் கிடந்த பெரிய குமிழை
ஒட்மார் மன்னிக்கட்டும் என்று திருகினேன்.

கீழேயிருந்து துடைப்பக்கட்டை.
டொக். டொக். டொக்.
தாளத்தில் இல்லை.
வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன்.