தர்ஷிகாவுக்காக

செக்காலை ரோட்டில், செல்போன் கடைக்கு மேல் மாடி.
படியேறியதில் மூச்சு வாங்கியது. காட்டிக்கொள்ளவில்லை.
"யாருக்கும்மா, பேத்திக்கா?"
"மகளுக்கு" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.
"பேரு?"
ஜன்னலுக்குக் கீழே நின்ற ஆட்டோவின்
பின்கண்ணாடியைப் படித்தேன்:
"தர்ஷிகா."
"வயசு?"
"ஒன்பது."

அப்படித்தான் பிறந்தாள் அவள்,
ஒரு சனிக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு,
கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி முன்னால்.

இரண்டே வருடத்தில் கறுப்பு பெல்ட், உத்தரவாதம்.
உடுப்பு ஆயிரத்து எண்ணூறு. பரீட்சைக்குத் தனி.
சுவரில் மாஸ்டரின் படம் பதினான்கு.
பிள்ளைகளின் படம் ஒன்று,
அதிலும் நடுவில் அவர்.
என் மகளுக்கு இது சரிப்படாது
என்று நினைத்தபடி இறங்கினேன்.
நினைத்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

மறுநாள் விடியலில், நீர் வற்றிய ஊரணிக்குள் சிலம்பம்.
செம்பாறாங்கல் படியில் உட்கார்ந்து பார்த்தேன்.
கம்பு சுழல்கிற ஓசை
அடிவயிற்றுக்குள் இறங்கியது.
கை தன்னால் எதையோ பிடித்துப் பார்த்தது;
குடைதான்.
முட்டியில் அடிபட்ட ஒரு பையன் விசும்பினான்.
"பொட்டச்சி மாதிரி அழுவாதடா!"
எல்லாரும் சிரித்தார்கள்.
வரிசையில் நின்ற இரண்டு பெண்பிள்ளைகளும்
சிரித்தார்கள்.
கம்பு வீச்சில் ஒரு குறையும் இல்லை.
ஆனாலும் தர்ஷிகா அந்தச் சிரிப்பைப் பழகவேண்டாம்.

கல்யாண மண்டபத்தில் டேக்வாண்டோ.
முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது,
ஆவணியில் அநேகமாகக் கிடையாது.
நான் போனது ஒரு தேய்பிறை வியாழன்;
உதைகள் எல்லாம் முந்தாநாள் சாம்பார் வாசத்தில் நடந்தன.
"அம்மாமாரெல்லாம் அந்தப் பக்கம்" என்றார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.
பக்கத்து நாற்காலி கேட்டது:
"உங்க பொண்ணு எது?"
மூன்றாவது வரிசையில்
பெல்ட் அவிழ்வதைக் கவனிக்காமல் உதைத்த ஒருத்தியைக் காட்டிவிட்டேன்.
"நல்லாப் பண்ணுறா" என்றாள்.
ஆமாம் என்றேன்.
ஒரு மணி நேரம் நான் அம்மாவாக இருந்தேன்,
கால் மரத்துப்போகும் வரை.

நாலாவது, கழனிவாசல் பக்கம்,
பழைய அரிசி மில்லின் குடோன். ஜூடோ.
பயிற்சியாளர் பெயர் ரெஜினா, முப்பது இருக்காது.
கோணி ஊசியால்
கிழிந்த மேட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள்.
பெயர் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை.
நூலைப் பல்லால் அறுத்துவிட்டுக் கேட்டாள்:
"அவளுக்கு எதுக்குப் பயம்?"

ஒன்பது வயதுக்கு என்ன பயம் இருக்கும்?
நாய், இருட்டு, கணக்கு டீச்சர்.
வாயில் வந்ததோ வேறு:
"ஒன்பதரைக்கு மருந்துக்கடை ஷட்டர் இறங்கும்.
பில் போடுகிற வேலை, கடைசியாகத்தான் கிளம்பணும்.
நூறடி ரோடு தாண்டினால் தெருவிளக்கு எரியாது.
பின்னால் வருகிற பைக்
தாண்டிப் போனால் ஒன்றுமில்லை.
வேகம் குறைகிறது பாருங்கள்,
அப்போது."

ரெஜினா ஒன்றும் சொல்லவில்லை.
விண்ணப்பத்தை நீட்டினாள், பேனாவையும்.

வயது என்ற கட்டத்தில்
நான்கு கடைகளாகப் பழகிய கை
ஒன்பது என்று எழுதிவிட்டது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.
பிறகு, அடிக்காமல் திருத்தாமல்,
அதற்கு முன்னால் ஒரு நாலைப் போட்டேன்.
பெயர்: சொர்ணவல்லி.

அவள் வாங்கிப் படித்தாள்.
"திங்கள்லேர்ந்து வாங்க, காலையில ஆறு மணி.
நகத்தை வெட்டிட்டு வாங்க.
வளையல் வேண்டாம்.
முதல் மாசம் விழுறது மட்டும்தான், பரவாயில்லையா?"
"வலிக்குமா?"
"வலிக்கும்."

இதுவரை கேட்ட விலைகளில்
இது ஒன்றுதான் ஒளிக்காமல் சொன்ன விலை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன்.
வழி முழுக்க தர்ஷிகா பேசவேயில்லை.
பொறாமையாக இருக்கும்.