இருபத்து நாலில் ஒன்று

புளியரைச் சோதனைச்சாவடி.
இரவு இரண்டரை, லாரி ஓய்ந்த நேரம்
மோரிஸ் மைனருக்கு
ஸ்டீயரிங் மாற்றுகிறேன்.

பெட்டியில் வந்தது இடப்பக்கம்.
நம் சாலைக்கு
டாஷ்போர்டை அறுத்துத்
திருப்பி ஒட்டவேண்டும்,
மூச்சுவிடாமல்.

கதவுப்பிடி ஓர் எள்.
வைப்பர், என் புருவத்து முடி.
ஆரியங்காவுச் சாரலுக்குத்தான்
அளவு தெரியவில்லை.
ஜன்னல்வழி ஒரே சொட்டு
பானட்டில்
தேங்காயாய் விழுந்தது.
உலராத பச்சையைத்
துடைக்கப்போனேன்,
கட்டைவிரல் ரேகை
உழுத வயலாய்ப் பதிந்துவிட்டது.

ஷிஃப்ட் மாற்ற வந்த செய்யது பாவா
டார்ச் அடித்துக் குனிந்தார்.
"நம்பர் பிளேட் எங்கே, மேடம்?"
"எந்தப் பக்கத்து நம்பர்னு
இன்னும் முடிவாகல."

ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்,
ஐநூறை இருபத்து நாலால் வகுத்தார்.
இருபது ரூபாய்
எண்பத்து மூன்று காசு.
கட்டிவிட்டேன்.